மூன்று வயர்கள்

உங்கள் மேசை விசிறியில் தண்டு சுற்றுகிற புஷ் தேய்ந்துவிட்டது, ஐயா. கரகரவென்று ஒரு சத்தம் வருகிறது பாருங்கள், அதுதான். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச காலம் ஓடும். அப்படியே விட்டால் உள்ளே சுற்றியிருக்கிற செப்புக் கம்பிக் காயில் சூடாகி ஒருநாள் கருகிவிடும். மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். எங்கே போனாலும் காது முதலில் இதற்குத்தான் போகும். தவறாக நினைக்க வேண்டாம்.

என் தங்கை நேற்று இந்த ஸ்டேஷனுக்கு வந்து, தன் புருஷன் செத்ததற்குத் தான்தான் காரணம் என்று சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் அவள் சொன்னது உண்மையும் இல்லை. அதைச் சரிசெய்யத்தான் வந்திருக்கிறேன். கொஞ்சம் நீட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவும் அம்மாவும் போனபோது அவளுக்குப் பால்பல் விழுகிற வயது. நான்தான் வளர்த்தேன். சடை பின்னக் கற்றுக்கொண்டேன். செப்புக் கம்பி சுற்றுகிற கைக்கு அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வருகிறவள் இவளை எப்படி நடத்துவாளோ என்ற பயம். அதைத் தியாகம் என்று நான் சொல்லிக் காட்டியதே இல்லை. சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை.

அவளைக் கட்டிக்கொண்டவனை எல்லோரும் அணில் என்றுதான் கூப்பிடுவார்கள். செல்போன் டவரில் ஏறி வேலை பார்ப்பவன். தரையைவிட மேலே இருப்பதுதான் அவனுக்குச் சௌகரியம். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். யாராவது கேலி செய்தால், "மச்சான் வீட்டு மொட்டை மாடி நல்ல உசரம், அதான் வந்துட்டேன்" என்பான். அவனை எனக்குப் பிடிக்கும். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மாடியில் ஒரு சின்னக் காற்றாலை வைக்கலாம் என்ற யோசனை அவனுடையது. எங்கள் தெருவில் கரண்ட் போனால் லேசில் வராது. அவன் காந்தம் வாங்கி வந்தான், நான் காயில் சுற்றினேன், காயில் அசையாமல் இறுகத் தங்கை ரெசின் பசை கலந்து அச்சில் ஊற்றினாள். இரண்டு இரும்புத் தட்டுகளில் வட்டமாகக் காந்தங்கள், நடுவே அசையாமல் காயில்கள். காற்றில் இறக்கை சுற்றினால் தட்டுகளும் சுற்றும், கரண்ட் வந்து பேட்டரியில் ஏறும். கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் அந்தக் காந்தம் லேசுப்பட்டது இல்லை. ஒருதரம் இரண்டு காந்தங்கள் பட்டென்று ஒட்டிக்கொண்டதில் அணிலின் விரல் நடுவில் மாட்டிக்கொண்டது. அவன் விரலை உதறிக்கொண்டு குதிக்க, "அவ்ளோ பெரிய டவர்ல ஏறுற ஆளு, சாப்பாட்டு மேசையில அடிபட்டுட்டாரு" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மேசை முழுக்கக் கம்பித் துண்டுகள். தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் மூன்று பேரும் சாப்பிட்டோம். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

காற்றாலையை நிறுத்த ஒரு வழி உண்டு. காயிலிலிருந்து மாடிப்படி அறைக்கு இறங்கி வரும் மூன்று வயர்களையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் போதும். கரண்ட் வெளியே போகாமல் காயிலுக்குள்ளேயே சுற்றிவந்து, காந்தத்தை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு காற்றடித்தாலும் இறக்கை கிழவன் மாதிரிதான் நகரும். காற்றாலைக் கம்பத்தில் ஏறுவதற்கு முன் அணில் கேட்பான்: "முறுக்கியாச்சா மச்சான்?" "முறுக்கியாச்சு மாப்ள" என்று நான் சொன்ன பிறகுதான் கால் வைப்பான். இறக்கையைக் கயிறு போட்டும் கட்டச் சொல்வேன். "நீங்க முறுக்கினா அதுவே போதும்" என்பான்.

பிறகு அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. மேற்பார்வை வேலை, டவரில் ஏறத் தேவையில்லை. சாப்பிடும்போது சொன்னார்கள். "நீயும் வந்துடேன்ணா" என்றாள் தங்கை. "கடைய யாரு பாக்குறது" என்றேன். இன்னொரு தடவை கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

காற்றாலையையும் கழற்றி எடுத்துப் போவதாக இருந்தார்கள். அங்கே காற்று நன்றாக வருமாம்.

கழற்றுகிற அன்று மத்தியானம் காற்று பலமாகத்தான் இருந்தது. வழக்கம்போலக் கேட்டான். முறுக்கியாச்சு என்றேன். அது பொய் இல்லை, அப்போது முறுக்கித்தான் இருந்தது. அவன் ஏறினான். நான் மாடிப்படி அறையில் பேட்டரிக்குப் பக்கத்தில் நின்றேன். தங்கை வந்து, வயர்களுக்குப் பின்னால் கிடந்த வாளியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அவள் போன பிறகு நான் முறுக்கை அவிழ்த்தேன்.

ஓர் அடி படும், கை முறியும் என்று நினைத்தேன். கட்டுப் போட்ட கையோடு யாரும் புது வேலைக்குப் போக மாட்டார்கள். அவனுக்கு நானே ஊட்டிவிட்டிருப்பேன். இறக்கை சட்டென்று வேகம் பிடித்தது. அவன் என்னைத்தான் கூப்பிட்டான். "மச்சான், வயரு" என்றான். மறுபடி முறுக்கியிருக்கலாம். என் கை அங்கேதான் இருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு தங்கை மாடிக்கு ஏறினாள். மூன்று வயர்களும் தனித்தனியாகத் தொங்குவதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணா, நான் வாளி எடுத்தப்ப இது அவுந்துடுச்சா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அவள் தலையைத் தடவி, "விடும்மா, நீ என்ன தெரிஞ்சா செஞ்சே" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் எங்கேயும் போகவில்லை. அணிலின் அம்மா வந்து, எங்கூட வந்துடும்மா என்று கெஞ்சினார். அந்தம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் இவள் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. அடிக்கடி என்னிடம் அதே கேள்வியைக் கேட்பாள். நானும் அதே பதிலைச் சொல்வேன். ஒரு நாளும் அவளைக் கடிந்து பேசியதில்லை. அவள் பாதியாக இளைத்துப்போனாள். தலை வாரிக்கொள்வதைக்கூட விட்டுவிட்டாள், மறுபடி நான்தான் பின்னிவிட்டேன். அவனை நினைத்து நானும் அழுதிருக்கிறேன், ஐயா. அது நடிப்பு இல்லை. அவனைப் போல என்னைச் சிரிக்க வைத்தவர்கள் யாரும் கிடையாது.

அவள் இப்படி உங்களிடம் வந்து நிற்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தண்டனை கொடுங்கள் என்று கேட்டாளாமே. அவளுக்கு எதற்குத் தண்டனை.

இறக்கை அடித்துக் கீழே விழுந்தவன், கம்பத்தோடு மாட்டுகிற பெல்ட் போட்டிருந்தானா என்று கேட்டீர்கள். ஏறும்போது போட்டிருந்தான். பின்பக்க நட்டு எட்டவில்லை, அதனால் கொக்கியைக் கழற்றிவிட்டு இறக்கைப் பக்கம் சாய்ந்தான். மாடிப்படி அறையின் கதவு திறந்திருந்தது, எல்லாம் எனக்குத் தெரிந்தது. கொக்கியைக் கழற்றியதைப் பார்த்த பிறகுதான் அவிழ்த்தேன்.

ஆகவே கொன்றது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். தங்கையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பாவம், நேற்றிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டாள். வயர் காற்றில் தானாக அவிழ்ந்துவிட்டது என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள், ஐயா. நான்தான் என்று தெரிந்தால் அவள் வீட்டைவிட்டுப் போய்விடுவாள்.