பட்டைத் தண்ணிக்கும் நிக்காதது

இன்னாம்மா, மறுபடியும் மொதல்லேர்ந்தா? போன வாட்டி இருந்த டாக்டரம்மாவும் இதையேதான் கேட்டாங்க, வாசல்ல நர்சும் கேட்டுது. புள்ள எத்தினி, வெயிட்டு தூக்குவியா. ரெண்டு புள்ள, ரெண்டும் வூட்லதான் பொறந்துச்சி. வெயிட்டு தூக்காம எப்டி? ஆம்பூர்ல தோல் கம்பெனில கூலி வேல. சுண்ணாம்புக் குழிலேர்ந்து வர்ற தோலு தண்ணி குடிச்சி கனக்கும், இடுப்புல அணைச்சிதான் தூக்கணும்.

ஆபரேசனுக்கு தேதி அப்பறம் குடுங்க. எடுத்துப்புடலாம், தைச்சிப்புடலாம்னு எல்லாரும் சொல்றீங்க. நான் கேக்கறது அது இல்ல. கர்ப்பப்பை ஏன் எறங்குது? அத ஒர்த்தரும் சொல்ல மாட்டேன்றீங்க. அத தெரிஞ்சிக்கத்தான் பஸ்ஸுல நின்னுக்கினே வந்தேன். உக்காந்தா உருண்டை மேல உக்காந்தாப்ல இருக்குது. பள்ளிகொண்டால சீட்டு காலியாச்சி, உக்காரும்மா உக்காரும்மான்னு கண்டக்டர் கத்தறான். அவங்கிட்ட இன்னான்னு சொல்றது?

வூட்ல மாமியார் ஒரே பாட்டுதான். பையன் பொறந்து தீட்டு கழியறதுக்குள்ள தோல் தூக்கப் போனியே, அனுபவி. போவச் சொன்னதே அதுதான்! மேஸ்திரி சர்தார் பாஷா நல்ல மனுசன், இன்னும் கொஞ்ச நாள் படுத்துக்கோம்மான்னாரு. இந்தக் கெழவிதான் கேக்கல. பக்கத்து வூட்டு பில்கிஸ் பிரசவம் ஆனா நாப்பது நாளு கட்டில வுட்டு எறங்க மாட்டா. அவளுக்கு ஆறு புள்ள, ஒண்ணும் ஆவல. அவளப் பாத்து பாத்து வயிறெரிஞ்சேன். தூக்கனதாலதான் இப்டி ஆச்சின்னு நானும் நம்பிட்டேன்.

வைத்தியம் பண்ணாம இருப்பமா? சிரிக்காம கேளுங்க. எங்க வூட்டுக்காரரு பச்சையப்பன், அவருக்கும் அதே கம்பெனிதான், பட்டைத் தொட்டில வேல. ஆவாரம்பட்டை ஊறன தண்ணி, அதுல போட்டா எந்தத் தோலும் இறுகி நிக்கும். ஒரு நாள் கெரசின் டின்ல அத மொண்டாந்து, துணி ஊறவைக்கிற பேசின்ல ஊத்தி, உக்காரு, மாட்டுத் தோலே இறுகுது, உனுது இறுகாதான்னாரு. நானும் உக்காந்தேன், மார்கழி பூரா, குளிர்ல. தொட ரெண்டும் பழுப்பு ஏறி வெடிச்சிது. எறங்கனது எறங்கனபடிதான் இருந்துது. குளிக்கற எடத்துல, எங்கூட வேல செய்யற சாவித்திரி பாத்துட்டா. இன்னாடி, உன்னயும் தொட்டில போட்டாங்களான்னு கேட்டா. நானும் சிரிச்சேன். வூட்டுக்கு வந்து அழுதேன்.

இன்னா சொன்னீங்க, நாரா? கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. உள்ள இருக்கறதெல்லாம் தாங்கிப் புடிக்கற நாரு. ரப்பர் மாரி இழுத்தா திரும்பி வரணும். எனக்கு வரல. சரி. மாட்டுத் தோல்ல இருக்கற அதே சரக்குதானா? அப்ப ஏம்மா பட்டைக்கு நிக்கல? ஓ, செத்த தோலுக்குத்தான் அது. உசுரோட இருக்கற சதைய புண்ணாக்கத்தான் செய்யும். இத நீங்களே அந்த மனுசன்கிட்ட சொல்லுங்க, நான் சொன்னா கேக்க மாட்டாரு.

அந்த நாரு புரோட்டீனுன்னா, முட்ட துன்னா சரியாவுமா? ஆவாதா. அப்பறம் இன்னாத்துக்கு அந்தப் பேரு.

வெரல பின்னால வளைக்கணுமா? இந்தா. ஆமா, கட்ட வெரலு மணிக்கட்டுல படும், சின்ன வயசுலேர்ந்து அப்டித்தான். முழங்கைத் தோலும் இழுத்தா இவ்ளோ வரும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமா? பொறவிலயே நாரு லூசா? புள்ள பெத்ததும் வெயிட்டு தூக்கனதும் ஜாஸ்திதான் பண்ணுச்சி, ஆனா மொதல்லயே பலம் கம்மி. அட போங்கம்மா! இத யாராச்சும் அப்பவே சொல்லியிருந்தா, அந்தக் கெழவி வாய ஒரே பேச்சுல அடைச்சிருப்பேனே. எத்தினி வருசம் தப்பு பண்ணவ மாரி தல குனிஞ்சிக்கினு இருந்தேன்.

அம்மாகிட்டேர்ந்து புள்ளைக்கி வருமா அது?

வரலாமா. வரலாம்னா வரும்னுதானே அர்த்தம்.

இல்ல, தண்ணி வேணாம், நல்லாதான் இருக்கேன். என்னுது கெடக்கட்டும், எப்ப வேணா வெட்டிக்கிங்க, இத்தினி வருசம் ஓட்டிட்டேன். வெளிய பெஞ்சாண்ட எம் பொண்ணு பூரணி நிக்குது. பத்தொம்போது நடக்குது, இன்னும் கல்யாணம் ஆவல, தையில நிச்சயம். நான் பட்டதே போதும்னு அவள ஒரு தண்ணிக் கொடம் தூக்க வுட்டதில்ல, கம்பெனி பக்கமே அனுப்பனதில்ல. போன வாரம் அடில புண்ணாயி நடக்க முடியாம நின்னா. பாத்தா, அவளுக்கும் எறங்கியிருக்குது. வெளிய தெரிஞ்சா எங்கியோ பெத்து மறைச்சிட்டான்னுதான் பேசுவாங்க. கூப்புடறேன், கொஞ்சம் பக்குவமா சொல்லுங்க. எத்தினி நாளாடி இப்டின்னு கேட்டேன். ரொம்ப நாளாம். ஏண்டி சொல்லலன்னேன். என்னப் பாத்தே வளந்தவதானே, பொம்பளைன்னா எல்லாருக்கும் இப்டித்தான்னு நெனச்சிக்கினு இருந்தாளாம்.