ஒரு மேசைக்கு ஒரு மருந்து

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், எதிரில் இருக்கும் அச்சகத்து அண்ணாச்சிக்கும், வேலையை நிறுத்திவிட்டு இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் நம் தொழிலாளர்களுக்கும் வணக்கம். அழுது ஓய்ந்த தொண்டை இது. மெதுவாகத்தான் பேச முடியும்.

மறைந்த நம் முதலாளி என் கணவரின் தம்பி. அச்சகத்தின் கணக்கை அடுப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வந்தவள் நான். ஒரு காலத்தில் அவர் எதைத்தான் அச்சடிக்கவில்லை? பத்திரிகை, பில் புத்தகம், சுவரொட்டி, சீட்டு. எல்லாருக்கும் சரி என்பார். நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் எல்லாரிடமும் திட்டு வாங்குவார்.

ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "அண்ணி, இனிமே மருந்துப் பெட்டிக்குள்ள வைக்கிற தாள் மட்டும்தான். வேற எதுவும் வேண்டாம்."

"அத யாருப்பா படிக்கிறா? பிரிச்சதும் தூக்கிப் போடறாங்க."

"போடறதுக்கு முன்னாடி ஒருத்தர் படிச்சிட்டா போதும் அண்ணி."

ஊரே அவரைத் துண்டுச்சீட்டு முதலாளி என்று கேலி பேசியது. அவர் கவலைப்படவில்லை. ஒரு மருந்தின் தாள் மேசையில் இருந்தால் வேறொரு தாள் அந்த அறைக்குள் வரக்கூடாது. கடைசித் தாள் போக வேண்டும், மேசையைத் துடைக்க வேண்டும், தரையைப் பெருக்க வேண்டும், பிறகுதான் அடுத்தது. ஒரு தாள் மாறிப் போனால் யார் வீட்டில் என்ன நடக்கும்? அந்தப் பயம்தான் அவருடைய தொழில். அந்தப் பயத்தை நம்பித்தான் மருந்துக் கம்பெனிகள் தேடி வந்தன.

என் மகள் கல்யாணப் பத்திரிகையைக்கூட அடிக்க மறுத்தார். "அண்ணாச்சிகிட்ட குடுங்க, அவர் நல்லா அடிப்பார்" என்றார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்திரிகை வந்ததும் எங்கள் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து அத்தனையையும் அவரே மடித்து உறையில் போட்டார். ஒரு மடிப்பும் கோணவில்லை. பிறகு எப்படிப் பேசாமல் இருப்பது?

அவர் போன மறுநாளே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். "இனிமேலாவது எல்லா வேலையும் எடுப்பீங்களா?" என்று கேட்கிறார்கள். மருந்துக் கம்பெனி மேலாளரும் பின்வரிசையில் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறார். அடுத்த மருந்தின் தாளை இனி எங்களை நம்பிக் கொடுக்கலாமா என்று அவர் கேட்பதில் தப்பில்லை.

நேற்று நம் ஃபோர்மேன் அழுதுகொண்டே கேட்டார்: "அம்மா, முதலாளி படத்த மட்டுமாவது நம்ம மெஷின்ல அடிச்சுக்கலாமா?"

சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். இதய நோய் மருந்தின் தாள் பாதி மடித்தபடி மேசையில் கிடந்தது. துடைக்காத அந்த மேசையில் அவர் முகத்தைக்கூட வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கையில் இருக்கும், அவர் படம் போட்ட இந்த அறிவிப்பை அண்ணாச்சிதான் அடித்துக் கொடுத்தார். நன்றி அண்ணாச்சி.

மேலாளர் ஐயா, உங்களுக்குப் பதில் இதுதான். நானும் என் கணவரும் களைத்துப் போயிருக்கிறோம். ஆனாலும் காலையில் கதவைத் திறப்போம். பாதியில் நிற்கிற தாளை மடித்து முடிப்போம். மேசையைத் துடைப்போம். அதன் பிறகு உங்கள் அடுத்த மருந்தைக் கொண்டுவாருங்கள்.