மறைவுத் தேதி காய்ந்திருந்தது

உட்கார்ந்தே சொல்கிறேன் சார். வலது தோள்பட்டை காலையிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. மரச்சாமானைத் தூக்கித் தூக்கி வந்த வலி.

உத்திரமேரூர் பஜாரில் கோபால் ஆர்ட்ஸ் என்று கேட்டால் என் கடையைக் காட்டுவார்கள். செத்தவர்களுக்கு மாலை போட்டு வைக்கிற படம் எழுதுகிறேன். கை விட்டுப்போகக் கூடாதென்று தினமும் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு முகமாவது வரைந்துவிடுவேன். யார் முகமும் எனக்கு வரும். என் அம்மா சிட்டம்மாள் முகம் மட்டும் வராது. எனக்கு விவரம் தெரிவதற்குள் போய்விட்டாள்.

அவள் இருந்த ஒரே போட்டோ மானாம்பதி வேதகிரி வீட்டில் இருந்தது. அவர் கழனியில்தான் அம்மா கூலிக்குப் போனாள். அவர் முதல் டிராக்டர் வாங்கிய அன்று எடுத்தது. நடுவில் அவர் குடும்பம், ஓரத்தில் ஆட்கள், கடைசி ஆளாக அரிவாளோடு அம்மா. கல்குவாரியில் உடம்பைத் தொலைத்த என் அப்பா சொல்லித்தான் தெரியும்.

போய்க் கேட்டேன்.

"வூட்ல பழைய சாமான்லாம் கெடக்குது. பெயிண்ட் அடிச்சிக் குடு, போட்டோவ எட்துக்கினு போ" என்றார்.

ஊஞ்சல் பலகைக்குப் பூவேலை செய்தேன். பிறகு நெல் அளக்கிற மரக்கால், நகைப்பெட்டி, தொட்டில். ஒன்று முடிந்தால் இன்னொன்றை இழுத்துப் போடுவார்.

"ஐயா, அந்தப் போட்டோ..."

"இன்னாடா அவசரம்? உங்கம்மா எங்க ஓடிடப் போறா? அங்கியேதான் நின்னுக்கினு கீறா."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியாக ஒரு தேக்கு ஃபிரேம். பொன்னிறம் ஏற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம் போனால், அதற்குள்ளேயே டிராக்டர் போட்டோ. ஆட்கள் ஒருத்தரும் இல்லை.

"ஃபிரேமுக்கு அடங்கல. ஓரத்த வெட்டிட்டேன்."

"வெட்டின துண்டு எங்கீது ஐயா?"

"குப்பையில போச்சி. கூலிக்காரி மூஞ்சிய வெச்சிக்கினு இன்னாடா பண்ணப் போற?"

நான் கோபப்படவில்லை. கடைக்குத் திரும்பி அவர் படத்தை எழுத ஆரம்பித்தேன். மாசக்கணக்கில் பார்த்த முகம், சுலபமாக வந்தது. பகை வைத்து எழுதவில்லை. இருப்பதைவிடக் கொஞ்சம் சாந்தமாகவே எழுதினேன். கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதியும் போட்டேன். மறைவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. எனாமல் நன்றாகக் காய வேண்டுமே.

வெள்ளிக்கிழமை காலை அவர் கழனிக் கிணற்றுப் பக்கம் தனியாக நின்றிருந்தார். அந்தக் கிணற்றுக்குச் சுவர் கிடையாது. "ஐயா, கழனியோட சேர்த்து உங்கள ஒரு படம் எழுதணும்" என்றேன். உடனே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் பின்னாடி போங்க ஐயா. என்னியே பாருங்க. திரும்பாதீங்க. இன்னும் ஓரடி."

நான் அவரைத் தொடவே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே பாறைதான், தண்ணீர் முழங்காலுக்கு. "டேய் கோபாலு, கயிறு போட்றா" என்று கூப்பிட்டார். நான் ஓரத்தில் உட்கார்ந்து அந்த முகத்தையும் வரைந்தேன். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு போகவில்லை அல்லவா. குரல் நின்ற பிறகு பென்சிலைச் சீவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலம் அவர் மகன் ஜெகன் அழுதுகொண்டே வந்து படம் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். நடுவீட்டில் மாலை போட்டு வைத்திருந்தார்கள். நீங்கள் வந்தீர்கள், மறைவுத் தேதியை விரலால் தேய்த்தீர்கள். அன்றைக்கு எழுதின எழுத்தென்றால் விரலில் ஒட்டியிருக்கும். என் பிசகு அது ஒன்றுதான். முடிந்த வேலையைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாது எனக்கு.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் படத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. மூக்கு, தாடை எல்லாம் அப்படியே அவர்தான். ஜெகனைப் பார்த்தால் ஞாபகப்படுத்துங்கள் சார். அந்தப் படத்துக்கு எனக்குச் சேர வேண்டிய கூலி இன்னும் பாக்கி.