மூன்று நிறத் துணி

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் தூக்கிப் பார்ப்பதில்லை. கைபேசியில் படம் பிடிக்கிறார்கள், கும்பிடுகிறார்கள், போய்விடுகிறார்கள். அதிகம் படிக்காத எனக்கே பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

மரத்தை அறுத்துப் போட்டபின் நடந்ததை என்னை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். நீங்கள் குடியிருப்புத் தலைவர், எழுதுகிறேன். ஆனால் ஒரு நகல் என் சட்டைப்பையில் இருக்கும். உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது.

நம் நாற்பது வீட்டுக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு தூங்குமூஞ்சி மரம்தான். மரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதில் காக்கைகள் இருந்தன, அவ்வளவுதான்.

என் கொண்டைக்குருவி ஹாட்யாய் நகரத்துப் பறவைப் பாட்டுப் போட்டியில் மூன்று வருஷம் கோப்பை வாங்கியது. நாலாவது வருஷம் நடுவர் கூண்டருகே காதைக் கொடுத்தார். "கா" என்றது. மறுபடி கேட்டார். மறுபடியும் அதே. மைதானமே சிரித்தது.

மரத்தடியில் தேங்காய்ப் பணியாரம் சுட்டு விற்கும் பிக்குல் மறுநாள் கேட்டாள்: "என்ன பெரியப்பா, காக்கா வளக்கிறீங்களாமே? கோப்பைக்குப் பதிலா கருவாடு குடுத்தாங்களா?"

கூட்டத்தில் மரத்தை வெட்டச் சொன்னேன். தூக்கிய கை என்னுடையது ஒன்றுதான்.

"மரம் போச்சுன்னா என் அடுப்ப எங்க வைக்கிறது? உங்க சொட்டைத் தலையிலயா?" என்றாள் பிக்குல். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான்.

சோங்க்ரான் புத்தாண்டு அன்று எல்லோரும் தெருமுனையில் தண்ணீர் ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில் நான் அடிமரத்தைச் சுற்றி மூன்று நிறத் துணி கட்டினேன். மரத்தில் குடியிருக்கும் அம்மா தெய்வம் கனவில் வந்து கேட்டாள் என்றேன். முதலில் மண்டியிட்டவள் பிக்குல்.

"வெட்டணும்னு நின்னவர் நீங்க. உங்க மனசையே மாத்திட்டாளே பெரியப்பா!" என்று அழுதாள்.

அடுத்த வாரம் துணிக்கு மேலே பட்டையில் பவுடர் தேய்த்து, தெரிந்த கோடுகளில் லாட்டரிக்கு எண் பார்த்தாள். லாட்டரியில் அதே எண் விழுந்தது. அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? சிவப்பு சோடா பாட்டில்கள், ஜிகினா உடுப்புகள், ஊதுபத்தி என்று காணிக்கை குவிந்தது. துணியை யாரும் தொடக்கூடாது என்று நீங்களே பலகை மாட்டினீர்கள்.

மழைக்காலத்தில் இலை மஞ்சளாகிக் கொட்டியது. மர நோய் பார்க்கிறவரை வரவழைத்தீர்கள். "துணிய அவுத்தாத்தான் தெரியும்" என்றார் அவர். பிக்குல் கரண்டியோடு குறுக்கே நின்றாள்.

"அம்மா உடுத்தியிருக்கிறத உருவுவியா? உன் வீட்டுல பொம்பளைங்க இல்ல?"

மனிதர் அப்படியே வண்டியேறிவிட்டார். நீங்கள் அவரைத் தடுக்கவில்லை.

நான் முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவன். கத்தி எவ்வளவு போனால் மரம் பால் தரும், எவ்வளவு போனால் சாகும் என்பது என் மணிக்கட்டுக்குத் தெரியும். அன்று துணி கட்டும் முன்பே, ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையை உரித்து எடுத்திருந்தேன். துணியே அதை மறைக்கத்தான். நான் செய்தது அரைநாள் வேலை. வருஷம் முழுக்க அதற்குக் காவல் இருந்தது நீங்கள்.

பட்டுப்போன மரத்தை அறுக்க வந்தவர்கள் துணியை அவிழ்த்தபோது பிக்குல் அங்கே இல்லை. சந்தைக்குப் போயிருந்தாள். இப்போது ஒரு கிழிந்த குடையின் கீழ் சுடுகிறாள், பாதி நாள் வெயில் தாங்காமல் அடுப்பை அணைத்துவிடுகிறாள். ஆனாலும் தினம் ஒரு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுக்கிறாள், மரத்துக்காக நான் பட்ட பாட்டுக்காம். வாங்கிக்கொள்கிறேன். குருவிக்குப் பிடிக்கும்.

காக்கைகள் போய்விட்டன. இன்று காலை குருவி மறுபடி "கா" என்றது. பழக்கம் அதற்குள்ளேயே ஊறிவிட்டது, இனிப் போகாது என்கிறீர்கள். நான் நம்பவில்லை. குருவி தானாகச் சொல்லாது. எங்கிருந்தோ கேட்கிறது.

கூண்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். அடுத்த தெருவில் ஒரு புளியமரம் இருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டும். துணிக்கடையும் அந்த வழியில்தான்.