நான்காவது போர்வையின் முடிச்சு

பஞ்சுப் போர்வை தைக்க உட்காரும்போது கையில் எண்ணெய் இருக்கக் கூடாது, பஞ்சு ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஊசி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் நாலு தையலுக்கு ஒருமுறை ஊசியைத் தலைமுடியில் தேய்த்துக்கொள்வோம். இந்த அறைக்கு வந்ததிலிருந்து என் கை அடிக்கடி காதுக்கு மேலே போய் வருவதைப் பார்த்து நீங்கள் ஏதோ குறித்துக்கொண்டீர்கள், தம்பி. அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. வெறும் பழக்கம். சும்மா இருக்கச் சொன்னால் இந்தக் கைக்குத் தெரியாது.

என் பெயர் லுவான் யூஃபென். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணப் போர்வையும் குழந்தைத் துணியும் தைக்கிறவள். இது உங்களுக்கே தெரியும். உங்கள் கல்யாணப் போர்வைகள் நாலையும் நான்தான் தைத்தேன். உங்கள் மகளின் நூறாம் நாளுக்கு நூறு வீட்டுச் சட்டையும் நான் தைத்ததுதான். நூறு வீட்டில் துணுக்குத் துணி கேட்டு வாங்கித் தைத்தால் நூறு வீட்டின் ஆயுளும் குழந்தைக்குச் சேரும் என்று வைத்திருக்கிறோம். கெங் பெரியவர் தன் பழைய கோட்டின் உள்துணியிலிருந்து ஒரு நீலத் துண்டு வெட்டிக் கொடுத்தார். அது முதுகில், இடப்பக்கம் இருக்கிறது. நல்ல துணி, சாயம் போகாது.

வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கு எழுதச் சுலபம். போர்வையிலிருந்தே தொடங்குகிறேன்.

வில்லால் அடித்த பஞ்சை ஒரே கனமாகப் பரப்பி, மேலே சிவப்பு நூலால் வலை பின்னிவிடுவார்கள். அது பஞ்சு நகராமல் இருக்க. அடியில் வெள்ளைத் துணி, மேலே சிவப்பு சாட்டின். அடித்துணியை மூன்று விரற்கடை மேலே மடித்து ஓரம் தைத்துவிட்டு, பிறகு நீளவாட்டில் வரிசை வரிசையாகத் தையல் ஓட்ட வேண்டும். நாலு மூலையிலும் சிவப்பு இலந்தையும் வேர்க்கடலையும் வைப்போம். ஒரு வரிசைக்கு ஒரே நூல். முடிச்சு கூடாது. ஆரம்பத்திலும் முடிவிலும் இரண்டு சின்னப் பின்தையல் போட்டு, கட்டைவிரல் நீளத்துக்கு நூலை விட்டுவிட வேண்டும். முடிச்சுப் போட்டால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் எங்கோ ஓரிடத்தில் முடிச்சு விழும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, எல்லாரும் சொல்வதுதான்.

யார் தைக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. அப்பா, அம்மா, கணவன், மகன், மகள் ஐந்து பேரும் உயிரோடு இருக்கிற பெண் மட்டும். அவளை நிறைபேறுக்காரி என்போம். தாயே தன் மகளின் கல்யாணப் போர்வையில் ஊசி வைக்கக் கூடாது. வேறொரு நிறைபேறுக்காரிதான் தைக்க வேண்டும். தைத்ததைப் பிரிக்கக் கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. மணப்பெண் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் தைத்தவளின் நிறைபேறு குறைந்துவிட்டால், கடைசித் தையல்வரை பிரித்து வேறு கை தைக்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டவர்களே அதிகம். இரண்டு பெற்றவளுக்கு அப்பா இருக்க மாட்டார், அம்மா இருக்க மாட்டாள். கடைசியில் இரண்டே பேர்தான் மிஞ்சினோம். நான், பிறகு கெங் குயிஷியா.

என் அப்பா அம்மா தூரத்து ஹார்பின் நகரில், தம்பி வீட்டில். தினமும் மாலை ஐந்து மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்வேன். போர்வைக்குச் சொல்ல வந்தவர்கள் அப்போது எதிரே உட்கார்ந்திருப்பார்கள். “அம்மா, சாப்ட்டியா? முட்டி வலி எப்படி இருக்கு? பனியில வெளிய போவாத, சொல்லிட்டேன்.” அந்த ஐந்து நிமிடமும் அவர்கள் முகத்தில் வருகிற நிம்மதியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் அம்மாவும் எதிரே உட்கார்ந்திருந்தவர்தான்.

என் மகள் வென்ச்சிங்கின் கல்யாணம் வருகிற எட்டாம் தேதி. எனவே அவள் போர்வையைக் குயிஷியாதான் தைக்க வேண்டும் என்று ஆனது. எனக்கு அதில் வருத்தமில்லை. அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே நான்தான். என் கை வேகம் அவளிடம் கிடையாது. ஆனால் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். வென்ச்சிங்குக்கு அவளைப் பிடிக்கும்.

நல்ல நாள் பார்த்துக் குயிஷியா வந்தாள். கட்டில்மேல் பாயை விரித்து, அவளும் வென்ச்சிங்கும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

“யூஃபென் அக்கா, நீங்க அப்படி ஓரமா உக்காருங்க. இன்னைக்கு நீங்க பொண்ணோட அம்மா, தையக்காரி இல்ல. டீ போட்டுக் குடுத்தாப் போதும்.”

“அம்மாவால முடியாது சித்தி,” என்றாள் வென்ச்சிங். “அங்க பாருங்க, கை தானா தைக்குது.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று போர்வை ஒழுங்காக முடிந்தது. நான்காவதன் கடைசி வரிசையின்போது நான் டீ எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். குயிஷியா குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள். அவள் நகத்துக்கு அடியில் ஒரு முடிச்சு.

“குயிஷியா, அது முடிச்சு.”

“ஆமாக்கா, முடிச்சுதான். நூல் தீந்துபோச்சு, ஒட்டுப்போட்டேன். கடிக்கவா போவுது?”

“பிரி.”

“தைச்சதப் பிரிக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவங்களே நீங்கதான்.”

“விடும்மா,” என்றாள் என் மகள். “அதப் போயி யாரு பாக்கப்போறா?”

யார் பார்க்கப்போகிறார்கள். இப்படி நினைக்கிறவர்களிடம் வேலையைக் கொடுக்கவே கூடாது. பதினொரு நாள் போர்வைகளை வைத்த பெட்டியைத் திறந்தேன், மூடினேன். முடிச்சு எள்ளளவுதான் இருக்கும். சமையலுக்கு நடுவே கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். மாவு பிசைந்துகொண்டிருக்கும்போதே விரல் நுனியில் அது உருளும். என் கணவர் கேட்டார், “என்ன தேடிக்கிட்டே இருக்க?” என்று. எதுவும் இல்லை என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கிற ஆள் இல்லை.

பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கு ஒரு வழிதான் இருந்தது, அதைச் சொல்லிவிட்டேன். குயிஷியாவுக்கு இருந்தது ஐந்து பேர். பிள்ளைகளை நான் நினைக்கவே இல்லை. குழந்தைத் துணி தைக்கிறவள் நான். கணவன் லாரி ஓட்டுகிறவர், அவர் சம்பாத்தியத்தில்தான் வீடு ஓடுகிறது. அவள் அம்மா மகன் வீட்டில் கொள்ளுப்பேரனைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் போனால் அந்த வீடு தடுமாறிவிடும். அவள் அப்பா, கெங் பெரியவர் மட்டும் சதுரங்கக் கூட்டாளிகளை விட்டு வரமாட்டேன் என்று பழைய அறையில் தனியாக இருந்தார். வயது எண்பத்து நாலு. இப்படி ஒவ்வொருவராக யோசித்துத்தான் அவரிடம் வந்தேன். கோபத்தில் செய்தேன் என்று எழுத வேண்டாம்.

நிலக்கரி அடுப்பு வைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திப் படுக்கிறவர்களில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இரண்டு பேராவது போகிறார்கள். புகைக்குழாய் அடைத்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு அடக்கம் செய்வோம். அவருடைய குழாய் சந்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். மதியம் மூன்று மணிக்கு, நல்ல வெயிலில், முக்காலி போட்டு ஏறினேன். அவர் அப்போது தெருமுனையில் காய் நகர்த்திக்கொண்டிருந்தார். “ராஜாவக் காப்பாத்துடா கிறுக்கா” என்று யாரையோ அதட்டுவது காதில் விழுந்தது. காய்கறிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“என்ன அத்தை, மேல ஏறிட்டீங்க?”

“குருவி கூடு கட்டிருக்குப்பா.”

“பாத்து எறங்குங்க. எட்டாம் தேதி விருந்து பாக்கி இருக்கு.”

மாலை ஐந்து மணிக்கு வழக்கம்போல ஹார்பினுக்குப் பேசினேன்.

மறுநாள் காலையில் அந்தச் சந்து முழுக்க ஆட்கள். அடைப்பை எடுக்க எனக்கு வழி கிடைக்கவில்லை. அன்று மதியம் குயிஷியா தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். படியேறவில்லை. துக்கத்தோடு கல்யாண வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

“அக்கா, என் கை இனிமே ஆகாது. போர்வையப் பிரிச்சிருங்க. கொழந்தைக்கு ஒண்ணும் வந்துரக் கூடாது.”

அவள் முறையாகத்தான் நடந்துகொண்டாள். அதை நான் மறுக்கவில்லை.

இருட்டுவதற்குள் நாலையும் பிரித்துவிட்டேன். பதினொரு நாளுக்குப் பிறகு அப்போதுதான் உடம்பு லேசானது. அந்த முடிச்சைக் கடைசியாக அவிழ்த்தேன். அதற்கு ஒரு பக்கம் அவள் நூல், மறு பக்கம் கொஞ்சம் கருஞ்சிவப்பு. அந்த நிறம் என் நூல் பெட்டியில் மட்டும்தான் இருக்கும். சொல்லாமல் எடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான். அடுப்புக் குழாயைக் கழற்றியபோது நான் வைத்த அடைப்பு விழுந்திருக்கிறது. பஞ்சைச் சும்மா சுருட்டித் திணித்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பஞ்சு பிரிந்து தொங்கினால் எனக்குப் பொறுக்காது. அதனால் கெட்டித் துணியில் சுற்றிச் சுற்றுத்தையல் போட்டிருந்தேன். நீங்கள் அதைக் குயிஷியாவிடம் காட்டியிருக்கிறீர்கள். அவள் அதை மடியில் வைத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “முடிச்சு இல்ல, ரெண்டு பின்தையல், நூல் கட்டவெரல் நீளம்” என்று மட்டும் சொன்னாளாம். நல்ல மாணவி.

இன்று காலை வேறொன்று கேட்டீர்கள்.

“அத்தை, ஹார்பின்ல ஒங்க தம்பிகிட்ட பேசினேன். ஒங்க அம்மா...”

ஆமாம். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. பட்டு நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நான் மட்டும் போய் வந்தேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. வருகிறவர்கள் மனம் கலங்கக் கூடாது என்பதற்காக ஐந்து மணிப் பேச்சை நிறுத்தவில்லை. எதிர்முனையில் ஆள் இல்லாவிட்டாலும் பேசுவது ஒன்றும் கஷ்டமில்லை. அம்மா என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியும்.

உங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். ஏன் தம்பி? நன்றாகத்தானே இருக்கிறீர்கள். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது. யாருக்கும் தெரியாத ஒன்றால் எதுவும் குறைந்துபோவதில்லை.

பிறகு வென்ச்சிங் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். நீங்கள் படித்த மாதிரியே எனக்கு நினைவிருக்கிறது. “அம்மா தைக்கக் கூடாதுங்கறாங்க. அம்மா கை படாத போர்வைய நான் எப்படிப் போத்திக்கறது? அதான் அம்மா பெட்டியிலேர்ந்து ஒரு நூல எடுத்து, இதையும் சேத்துருங்க சித்தின்னு நான்தான் குடுத்தேன்.”

சின்னப் பெண். அவளுக்குத் தெரியாது. இரண்டு நூலைச் சேர்க்க முடிச்சே வேண்டாம். இரண்டு நுனியையும் பிரித்து, ஈரப்படுத்தி, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து, தொடையில் வைத்து ஒரு உருட்டு உருட்டினால் ஒரே நூலாகிவிடும். எங்கே சேர்ந்தது என்று கண்ணுக்கே தெரியாது. என்னிடம் கேட்டிருந்தால் செய்து காட்டியிருப்பேன்.

எட்டாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. மூன்று போர்வையை முடித்துவிட்டேன். நான்காவதில் ஒரு வரிசைதான் பாக்கி. அப்போதுதான் நீங்கள் வந்து கூப்பிட்டீர்கள். வென்ச்சிங் என்னைப் பார்க்க வரவில்லை, கல்யாண வேலை இருக்கும். வரும்போது போர்வையையும் ஊசியையும் எடுத்து வரச் சொல்லுங்கள். தாய் தைக்கக் கூடாதுதான், ஆனால் வேறு கை இல்லையே. குயிஷியாவின் நிறைபேறு போய்விட்டது. இந்த ஊரில் குறையில்லாதவள் இப்போது நான் ஒருத்திதான்.