நிமிஷத்துக்கு ஒரு தையல்

அந்தப் பெட்டிய இப்பவே திறக்காதீங்கண்ணே. அஞ்சு மணிக்குத்தானே உங்க வண்டி கிளம்பணும்? இப்பதான் நாலு ஆகுது. துணியில கொஞ்சம் தையல் வேலை பாக்கி இருக்கு. அத முடிச்சாத்தான் உங்க தாள்ல கையெழுத்துப் போடுவேன். உக்காருங்க. ஐயையோ, அந்த நாற்காலி வேணாம், அது கலைப்பொருள். போன மாசம் ஒரு பேராசிரியர் தெரியாம உக்காந்து, ஒரு கால் தனியா வந்துடுச்சு. அந்த ஸ்டூல்ல உக்காருங்க.

போர்வையா? இல்லண்ணே. திரைச்சீலையும் இல்ல. இது என்னோட பி.எச்டி. சிரிங்க, பரவால்ல, எங்கப்பாவும் இப்படித்தான் சிரிச்சாரு. நாலு வருஷமா படிச்சுப் படிச்சு கடைசியில தையல் கத்துக்கிட்டியாம்மான்னு கேட்டாரு.

எனக்கு ரெண்டு கைடுண்ணே. ஒருத்தர் ஓவியத் துறை, இன்னொருத்தர் நிர்வாகவியல். அவருக்கு நம்பரக் கண்டா ஆகாது, இவருக்கு நிறத்தக் கண்டா ஆகாது. அவர் ரூமுக்குப் போனா, ஆராய்ச்சியெல்லாம் சரி, இதுல கலை எங்கம்மான்னு கேப்பாரு. இவர் ரூமுக்கு வந்தா, கலையெல்லாம் சரி, தரவு எங்கம்மான்னு கேப்பாரு. ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் பேசிக்கிட்டா முடியிற விஷயம். ஆனா லிஃப்ட்ல ஒருத்தர் இருந்தா இன்னொருத்தர் படியேறிப் போவாரு. நடுவுல நான் தபால்காரி மாதிரி மேலயும் கீழயும்.

தலைப்பா? நவீன அலுவலகத்தில் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு. கண்ணுக்குத் தெரியாத. அத மட்டும் ஞாபகத்துல வச்சுக்கங்க, பின்னாடி சிரிக்க உதவும்.

இப்படிக் கொஞ்சம் பக்கத்துல வாங்க, காட்டறேன். உங்க கம்பெனி ஆபீஸ்ல ஒரு வருஷம் நடந்த மீட்டிங் இதெல்லாம். ஒரு மீட்டிங்குக்கு ஒரு வரிசை, மொத்தம் நூத்தி நாப்பத்து மூணு. ஒரு நிமிஷத்துக்கு ஒரு தையல். ஒருத்தருக்கு ஒரு நிறம். யார் எவ்வளவு நேரம் பேசறாங்களோ அவங்க நூல் அவ்வளவு தூரம் ஓடும். பேரே கிடையாது, பாத்துக்கங்க. யாரோட அடையாளமும் வெளிய வரக் கூடாதுன்னு நான் அவ்வளவு கறாரு. எனக்கே என்னை நினைச்சுப் பெருமையா இருந்துச்சு.

ஏன் இவ்வளவு ஆரஞ்சா? எல்லாரும் கேக்குற கேள்வி. அது உங்க மேனேஜர். அவருக்கு மட்டும் பதினேழு நூல்கண்டு தீந்துபோச்சு. நூல் கடைக்காரம்மா, வீட்டுல கல்யாணமாம்மான்னு கேட்டாங்க. இந்தப் பச்சை இருக்காரு பாருங்க, ஆரஞ்சு முடிஞ்ச உடனே ரெண்டே ரெண்டு தையல் வரும். சார் சொன்னதையேதான் நானும் சொல்ல வந்தேன்னு சொல்ல அவருக்குச் சரியா ரெண்டு நிமிஷம் ஆகும். இந்த நீளமான வரிசை இருக்கே, இது எண்பத்தாறு நிமிஷம். மீட்டிங்கக் குறைக்கிறது எப்படின்னு போட்ட மீட்டிங். முடிவு எடுக்க நேரம் பத்தல, அடுத்த வரிசையிலயும் அதேதான்.

டிரைவர்களுக்குமா மீட்டிங் வைக்கிறாங்க? நின்னுக்கிட்டேவா? அப்ப உங்களுக்கு நான் எதுவும் சொல்லித் தர வேண்டியதில்ல.

பொறுமையா இருங்கண்ணே, கை நிக்கல பாருங்க. பேசினாத்தான் எனக்குத் தையல் நேரா வரும்.

அந்த ஆபீஸுக்குள்ள போறதே பெரிய பாடு. அங்க எனக்கு வேண்டியவங்க ஒருத்தங்க வேலை பாத்தாங்க, அவங்க எத்தனையோ பேரக் கெஞ்சி அனுமதி வாங்கிக் குடுத்தாங்க. முக்கியமா ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, எதையும் ரெக்கார்ட் பண்ணக் கூடாது, ரகசியமாம். இன்னொண்ணு, கண்காட்சி முடிஞ்சதும் துணி கம்பெனிக்குச் சொந்தம். அதனாலதான் இன்னிக்கு நீங்க வந்து நிக்கிறீங்க. ரெக்கார்ட் இல்லாம நிமிஷக் கணக்கு எப்படின்னு கேளுங்க. ஒவ்வொரு மீட்டிங்லயும் ஒருத்தர் குறிப்பு எழுதுவாங்க இல்ல, யார் பேசினாங்க, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சாங்க, எப்ப முடிச்சாங்கன்னு. அந்தக் குறிப்பு நோட்ட வச்சுத்தான் தைச்சேன். அவ்வளவு சுத்தமான நோட்டு. ஒரு நிமிஷம்கூடத் தப்பாது.

கண்காட்சி தொடங்கின அன்னிக்கு ஆரஞ்சு வந்தாரு. துணி முன்னாடி அரை மணி நேரம் நின்னாரு. தன்ன எவ்வளவு அழகாக் கிண்டல் பண்ணியிருக்கேன்னு புரிஞ்சு மனுஷன் வெக்கப்படுவாருன்னு பாத்தா, ஆஹா, என்ன உழைப்பும்மாங்கறாரு. என்னை இல்ல, அவரச் சொல்லிக்கிறாரு. அப்புறம் மெதுவா, எந்த நிறம் யாருன்னு ஒரு பட்டியல் கிடைக்குமான்னு கேட்டாரு. நான் முடியாதுன்னுட்டேன். ஆனா பாருங்க, தரவு கைடு ஏற்கெனவே, நிறப் பட்டியல் இல்லாத ஆய்வு ஆய்வே இல்லன்னு சொல்லி ஆய்வேட்டோட கடைசியில சேக்க வச்சிருந்தாரு. பேர் போடல, பதவிதான் போட்டேன். ஒரு பதவிக்கு ஒரே ஆள்தான் இருக்காங்கங்கறது இந்த அறிவாளிக்குத் தோணல. ஆய்வேட்டுல ஒரு பிரதி கம்பெனிக்குக் குடுக்கணும்னு ஒப்பந்தம். குடுத்தேன். அட்டை போட்டு, நன்றின்னு எழுதிக் குடுத்தேன்.

மூணே வாரம். ஏழு பேர வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பங்களிப்பு குறைவாம். எப்படிக் கண்டுபிடிச்சாங்க? நீங்க துணியப் பாக்குறீங்க பாருங்க, கரெக்ட். எந்த நிறம் கம்மியோ அந்த ஆளு வெளிய. வாயாடற வேலைய நக்கல் பண்ணித் தைச்ச துணிய வச்சு, வாயாடாதவங்கள வேலைய விட்டு எடுத்திருக்காங்க. இந்தத் துணிய உங்க ஆபீஸ் ரிசப்ஷன்ல மாட்டப் போறாங்க இல்ல, கீழ ஒரு பலகையாம், ஒவ்வொரு குரலும் முக்கியம்னு. வாசகம் ஆரஞ்சோடதுதான், வேற யாருக்கு வரும்?

நான் போய்ச் சண்டை போட்டேண்ணே, போடாம இருப்பேனா? ஒரு மணி நேரம் கத்தினேன். ஆரஞ்சு தண்ணி குடுத்துட்டு, உங்க ஆய்வு முடிவத்தானேம்மா நாங்க நடைமுறைப்படுத்தினோம்னாரு. அந்தத் தண்ணியக் குடிச்சுட்டு வெளிய வந்துட்டேன்.

ஏன்னா அது உண்மை. அந்த ஏழு பேர்ல ரொம்பக் கம்மியான நிறம் சாம்பல். வருஷம் முழுக்க ஒன்பதே தையல். இங்க ஒண்ணு, அந்த மூலையில ரெண்டு. தெரியுதா? தெரியாது. இருபத்தஞ்சு மீட்டிங்குக்கு அப்புறமாவது எனக்கு உறைச்சிருக்கணும், அது எப்படி ஒருத்தங்க வாயே திறக்காம இருப்பாங்கன்னு. அவங்கதாண்ணே குறிப்பு எழுதினவங்க. குறிப்பு எழுதறவங்க தாங்க பேசினத எழுத மாட்டாங்க; அந்த ஒன்பது தையலும் வேற யாரோ நோட்டு எழுதின நாளோடது. போன வாரம் எடுத்த முடிவு இது இல்லையே சார்னு எடுத்துச் சொன்னது, இந்தக் கணக்கு இடிக்குதேன்னு காட்டினது, நேரம் ஆச்சுன்னு எழுப்பி விட்டது, எதுவும் நோட்டுல இல்ல. கண்ணுக்குத் தெரியாத உழைப்பப் பத்தி நாலு வருஷம் படிச்ச பிள்ளை, அந்த உழைப்போட நோட்டையே கையில வச்சுக்கிட்டுப் பாக்காம விட்டுட்டேன். இப்ப சிரிக்கலாம்.

அனுமதி வாங்கிக் குடுத்தவங்கதான் சாம்பலா? ஆமா, அவங்களேதான். எங்க அக்கா. சொல்லலையா நான்? கூடப் பொறந்தவ.

திட்டல. திட்டியிருந்தா பதிலுக்கு வாதாடியிருப்பேன். கண்காட்சி கடைசி நாள் வந்தா, மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தா, இதுல நான் எங்கடி இருக்கேன்னு கேட்டா. எனக்கே தேட வேண்டியதாப் போச்சு.

அதான் நாலு நாளா இந்த வேலை. ஒவ்வொரு வரிசைக்கும் அடியில, இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும், சாம்பல் நூல். தரவு கைடு துணி கெட்டுப்போச்சுங்கறாரு. கலை கைடு இப்பதான் கலையாச்சுங்கறாரு. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து சண்டை போட்டாங்க, அதுவரைக்கும் சந்தோஷம். வேலை திரும்பி வராது, தெரியும். ஒப்பந்தத்தையும் மூணு தடவ படிச்சுட்டேன், ஒப்படைக்கணும்னுதான் இருக்கு, மேல தைக்கக் கூடாதுன்னு இல்ல. ஆரஞ்சு தினமும் காலையில இதத் தாண்டித்தானே உள்ள போகணும்? எந்த நிறம் யாருன்னு பட்டியல் அவர்கிட்டயே இருக்கு. அட்டை போட்டுக் குடுத்தேனே.

இன்னும் ஒன்பது வரிசைண்ணே. அந்த முனையக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க, சுருங்காம இருக்கும். ஆங், அப்படித்தான்.