பின்னுக்கு இருக்கிற ஆள்

இருங்கோ அத்தான், எழும்பாதேங்கோ. ராகுகாலம் கழியாமல் புது மோட்டச்சைக்கிள் எடுக்கப் படலை தாண்டக்கூடாதெண்டு விடிய ஐயர் போன் எடுத்துச் சொன்னவரெண்டு நீங்கள்தானே வந்தவுடன சொன்னனீங்கள்? பிறகேன் கையில கட்டின மணிக்கூட்டையே பாத்துக்கொண்டிருக்கிறியள்? தேத்தண்ணியைக் குடியுங்கோ. அதுக்கிடையில நான் ஒரு பகிடி சொல்லுறன். வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிப்பியள். சத்தியமா.

சொல்லுறன், சொல்லுறன். எடுத்தவுடன சொன்னால் அதில என்ன கிடக்கு? கொஞ்சம் வேக விடோணும்.

அக்கா உள்ளுக்க சாறி உடுக்கிறா. கதவைத் தட்டாதேங்கோ. முழங்கையில இன்னும் கட்டுக் கிடக்கு, கை மடக்கேலாது, மடிப்பெடுக்க நேரம் செல்லும்தானே? அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போட்டினம். உங்களோட கதைக்க இப்ப இந்த வீட்டில நான் ஒருத்திதான், கஜாலினி. கலியாணப் பதிவு எழுத்து முடிஞ்சபடியால் சட்டப்படி உங்கட மச்சாள். கலியாணம் ஆவணியிலதான் எண்டாலும் உரிமையோட கதைக்கலாம், என்ன?

அக்கா என்னைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ? நான் ஆரின்ர குரலையும் அப்பிடியே எடுப்பன் அத்தான். ஒருக்காக் கேட்டால் காணும். போன தவணை அதிபரின்ர குரலில ஒலிபெருக்கியில கதைச்சுப் பள்ளிக்கூடத்தை நேரத்தோட விட்டனான். முதல் ஆளாச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர் கணக்கு வாத்தியார். ஹா, சிரிக்கிறியள்! ஆனால் நான் சொல்ல வந்த பகிடி இதில்லை.

மாமியை எடுக்கட்டே? உங்கட அம்மாவைத்தான். எங்கட பிரசாந்தன் ஓடினால் காத்தே விலகி வழி விடும் பாருங்கோ, இவ்வளவு காலத்தில ஒரு கீறல் இல்லை, பிள்ளைக்குத்தான் பழக்கம் காணாது, அவையின்ர நாரந்தனையில உந்தச் சாமானெல்லாம் எங்க கண்டவை? எப்பிடி? மூக்கால வாற இழுவை சரியோ? காரைநகர் முழுக்க இதைத்தான் சொல்லித் திரியிறாவாம். மற்ற மோட்டச்சைக்கிளுகளோட அந்தக் கதையும் மிதவைப் பாதையில ஏறிக் கடல் கடந்து ஊர்காவற்றுறைக்கு வந்திட்டுது.

எனக்குக் கோவமோ? சீ, நான் பகிடிக்காரியெல்லே.

சரி, கோவம்தான்.

கனடாச் சித்தப்பா கலியாணப் பரிசா மோட்டச்சைக்கிள் ஒண்டு எடுத்துத் தாறன் எண்டவர். தெரிவு செய்யிற வேலையை அப்பா உங்களிட்ட விட்டவர். நீங்கள் எதைத் தெரிவு செய்தனீங்கள்? முன்னுக்குக் குனிஞ்சு, தேள் மாதிரிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிக்கிற ஒண்டை. முன்னுக்கு உங்களுக்கு மெத்தை. பின்னுக்குக் கிடக்கிறது சீற்றோ? புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைக் கவுட்டு வைச்ச மாதிரி ஒரு சாமான். பிடிக்கக் கம்பி இல்லை. சாறி சில்லுக்க போகாமல் மறைக்கிற வலை இல்லை. கால் வைக்கிற இடம் கிட்டத்தட்ட இடுப்பில கிடக்கு. அக்கா ரீச்சர், அத்தான். ஒவ்வொரு நாளும் சாறியோட, ரெண்டு காலையும் ஒரு பக்கம் போட்டுக்கொண்டு, சரவணைப் பள்ளிக்கூடத்துக்கு உங்களுக்குப் பின்னால போகப்போறவ. நீங்கள் யாழ்ப்பாண ரவுணுக்கு வேலைக்குப் போற வழியில இறக்கி விடுறதெண்டுதானே பேச்சு? பென்சன் எடுக்குமட்டும் அவ இருக்கப்போற கதிரை அது. நீங்கள் கடையில ஒருக்காத் திரும்பியாவது அதைப் பாத்தனீங்களோ?

பகிடியோ? வருது, வருது.

ஞாயிற்றுக்கிழமை உங்கட சிநேகிதன் வாகீசன் அண்ணையிட்ட அதே சாதியில ஒண்டை இரவல் வாங்கிக்கொண்டு ஓடிக் காட்ட வந்தனீங்கள். அக்காவை ஏத்திக்கொண்டு பண்ணைப் பாலத்தால ரவுணுக்கு. என்ன நடந்ததெண்டு உங்களுக்குத் தெரியுமெண்டுறியளோ? இல்லை அத்தான், உங்களுக்குத்தான் தெரியாது. நீங்கள் அங்க இல்லை. நீங்கள் முன்னுக்குப் போட்டியள்.

முழங்கால் தண்ணியில வீச்சுவலையோட நிண்ட அன்ரனிதாஸ் அண்ணைதான் முழுக்கக் கண்டவர். அவரை எடுக்கிறன், கேளுங்கோ, இந்தக் குரலுக்குக் கொஞ்சம் உப்புக் காத்துக் கலக்கோணும். நான் வலையை வீசப் போறன் தங்கச்சி, மேல ஒரு பெடியன் ஒரு கையைக் காட்டிக் காட்டிக் கதைச்சுக்கொண்டு போறான், பின்னுக்கு ஒரு குஞ்சும் இல்லை, ஆரோடயோ போன் கதைக்கிறான் ஆக்குமெண்டு நினைச்சன், இங்கால திரும்பினால் உன்ர அக்கா றோட்டில இருந்து செருப்பைத் தேடுறா!

அந்த நேரம் நீங்கள் என்ன கதைச்சுக்கொண்டு போனனீங்கள் எண்டு பிறகு நீங்களே வாய் தவறிச் சொன்னனீங்கள். எடுக்கட்டே? நிலாந்தி, உமக்கு நீலம் பிடிக்குமோ கறுப்புப் பிடிக்குமோ? வெக்கப்படாமல் சொல்லும். நீர் பேசாமல் இருந்தால் நான் கறுப்பெண்டுதான் எடுப்பன். சரி, அப்ப கறுப்பு. பண்ணைச் சந்தியில கொண்டுபோய் நிப்பாட்டி, ஐஸ்கிறீம் குடிப்பமோ எண்டு கேட்டுக்கொண்டு திரும்பிப் பாத்தனீங்கள்.

வேற ஆரின்ரயும் அக்காவெண்டால் நான் நிலத்தில உருண்டு சிரிச்சிருப்பன்.

விழுந்ததுக்கு நான் கோவிக்கேல்லை. பாலத்தில காத்து அடிக்கும், றோட்டில மேடு திட்டி இருக்கும், ஆரும் விழலாம். பிறகு நீங்கள் மோட்டச்சைக்கிளில பின்னால வர, ஓட்டோவில வந்து இறங்கி, கையால ரத்தம் வடிய அவ முத்தத்தில நிக்க, நீங்கள் என்ன சொன்னனீங்கள்? தொண்டையைச் செருமிப்போட்டு, நான் நோமலாத்தான் ஓடினனான் மாமா, நிலாந்திதான் வடிவாப் பிடிக்கேல்லை. உடன எங்கட அப்பா, ஓம் பிள்ளை, வடிவாப் பிடிச்செல்லோ இருக்கோணும். அம்மாவும் தலையை ஆட்டினவ. அக்கா உள்ளுக்க போய்ப் படுத்திட்டா.

எதைப் பிடிக்கிறது அத்தான்? சொல்லுங்கோ பாப்பம். அதில பிடிக்க என்ன கிடக்கு? உங்கட இடுப்பையோ? கலியாணம் முடியாமல், பட்டப்பகலில, தீவுப்பகுதிச் சனமெல்லாம் போற பாலத்தில உங்களைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு போயிருந்தால், மாமி அதை எந்தக் குரலில சொல்லியிருப்பா? அதையும் எடுக்கட்டே? வேண்டாமோ? வேண்டாமெண்டால் விடுவம்.

நீங்கள் பிறகு ஆட்டிறைச்சிக் கறியோட சாப்பிட்டிட்டு இந்த விறாந்தையில குறட்டை விட்டனீங்கள். அந்தக் குறட்டையும் எனக்கு வரும். அந்த நேரம் நான் அப்பாவை அந்த இரவல் மோட்டச்சைக்கிள் நிண்ட முத்தத்துக்குக் கூப்பிட்டனான். அப்பா, ஒருக்கா அக்கா மாதிரி இருந்து காட்டுங்கோ, எப்பிடிப் பிடிக்கிறதெண்டு நானும் பழகட்டுமெண்டு. மனுசன் வேட்டியோட, ரெண்டு காலையும் ஒரு பக்கம் போட்டு, வலு மிடுக்கா ஏறி இருந்தார். பாத்தியோ, இப்பிடித்தான் எண்டார். நான் எஞ்சினைப் போடேல்லை, சும்மா தள்ளினனான். மாமரத்தடியில இருந்து கிணத்தடிக்குப் போகேல்லை, ஆள் தொப்பெண்டு நிலத்தில!

எனக்கு அடி விழப்போகுதெண்டு நினைச்சன். அவர் எழும்பி வேட்டியைத் தட்டினார். மோட்டச்சைக்கிளைப் பாத்தார். பிறகு அக்கா படுத்திருந்த அறைக் கதவைப் பாத்தார். எதைப் பிள்ளை பிடிக்கிறது எண்டு என்னட்டைக் கேட்டார். அந்தக் குரலை மட்டும் நான் எடுக்கமாட்டன்.

எங்க எழும்புறியள்? அப்பாவை இன்னும் காணேல்லையோ? கோயிலில இவ்வளவு நேரம் என்ன செய்யினமோ? அக்காவைக் கூப்பிடோணுமோ? நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள், இதில இருந்தே நான் கூப்பிடுறன். இந்தா வாறன், ரெண்டு நிமிசம், இந்த மடிப்பு நிக்குதில்லை!

கதவைப் பாக்காதேங்கோ அத்தான். என்ர வாயைப் பாருங்கோ.

ஓம், நீங்கள் வரேக்க உள்ளுக்கிருந்து கேட்ட அக்காவின்ர குரலும் இந்த வாயாலதான். சாறி உடுக்கிற அறைக்குள்ள பூனைதான் படுத்திருக்கு. ஐயரோ? எந்த ஐயர்? க்ஹூம். தம்பி பிரசாந்தன், இது என்ர புது நம்பர், குறிச்சுக்கொள்ளும், ராகுகாலம் கழியாமல் படலை தாண்டப்படாது கண்டீரோ, வாகனத்துக்குத் தோசம்! இண்டைக்கு ராகுகாலம் பின்னேரம் அத்தான். உங்கட தலைக்கு மேலதான் கலண்டர் தொங்குது.

ஆ, சிரிக்கிறியள்! நல்லாச் சிரியுங்கோ. நானும் சிரிக்கிறன். நாங்கள் நினைச்ச மாதிரிப் பொல்லாத ஆள் இல்லை நீங்கள்.

அக்கா, அப்பா, அம்மா மூண்டு பேரும் முதல் பஸ்ஸில ரவுணுக்குப் போட்டினம். மோட்டச்சைக்கிள் கடையில நிண்டு அம்மா இப்பதான் எனக்குக் குரல் பதிஞ்சு அனுப்பினவ. எல்லாரும் முன்னுக்கு ஏறி இருந்து ஹாண்டிலைப் பிடிச்சுத்தானே பாப்பினம்? அக்கா ஒண்டொண்டாப் பின்னுக்கு ஏறி ஏறி இருக்கிறாவாம். ஒரு பக்கம் காலைப் போட்டு, ஒரு நிமிசம் கண்ணை மூடி இருந்திட்டு, இறங்கி, அடுத்ததில. கடைப்பெடியனுக்கு விசராம். ரீச்சர், நீங்கள் மாறி இருக்கிறியள், முன்னுக்கு வந்து பாருங்கோ ரீச்சர், விசேசமெல்லாம் முன்னுக்குத்தான்! அக்கா காதில போடேல்லையாம்.

கடைசியில ஒண்டு சரிவந்திட்டுது. தட்டையா நீளச் சீற். பின்னுக்குப் பிடிக்க நல்ல கம்பி. சில்லுக்கு வலை. ரெண்டு காலையும் ஒண்டா வைக்கத் தட்டு. கறுப்பில்லை, சிவப்பு. அப்பாவும் ஏறி இருந்து பாத்திட்டு ஓம் எண்டிட்டாராம்.

நல்லதுதானே எண்டுறியளோ? எதை எடுத்தாலும் நீங்கள் ஓடுவியளோ? ஓம், கடைப்பெடியனும் அதைத்தான் கேட்டவனாம். அப்ப முன்னுக்கு ஆர் ரீச்சர் இருக்கிறது, அவரைக் கூட்டிக்கொண்டு வரேல்லையோ எண்டு.

அக்கா சொன்னதையும் கேளுங்கோ, அவவின்ர குரலிலயே சொல்லுறன். ஆறுதலா, வகுப்பில கதைக்கிற மாதிரிச் சொன்னவ.

பின்னுக்கு இருக்கிற ஆளைப் பாத்திட்டம் தம்பி. முன்னுக்கு ஆரெண்டு இன்னும் முடிவாகேல்லை.

ஏன் அத்தான் சிரிப்பை நிப்பாட்டிட்டியள்?